காப்பதும் கேட்பதும்

ஒரு குரலைக் காத்து வைப்பது வேறு. அதைக் கேட்கும்படி தருவது வேறு. இந்திய மொழியியலில் முதற்செயலுக்கு நெடிய மரபு உண்டு. ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வை ஒட்டி, 1913 முதல் 1929 வரையிலான காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கிராமபோன் பதிவுகள் எடுக்கப்பட்டன. விவிலியத்தின் ஊதாரி மகன் கதையைத் தத்தம் மொழியில் சொல்லும் குரல்கள் அவற்றில் உள்ளன, பாடல்களும் உள்ளன. நூறாண்டை நெருங்கியும் கடந்தும் அக்குரல்கள் அழியவில்லை. இன்று இணையத்திலும் கிடைக்கின்றன. இருப்பினும் ஒரு பதிவு இணையத்தில் கிடைப்பதும், அதில் பேசியவரின் கொள்ளுப்பேத்தி தன் ஊரில் அமர்ந்து அதைக் கேட்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையில் நீண்ட பாதை ஒன்று கிடக்கிறது. மின்கம்பி, கோப்பின் பெயர், திரை, பொத்தான் என, ஆய்வேடுகளில் இடம்பெறாத பல சிறு பொருள்களால் ஆன பாதை அது. அவற்றுள் ஒன்று பழுதுபட்டாலும் பாதை முழுவதும் அடைபட்டுவிடும்.

ஹைதராபாத்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருவர், கடந்த இரண்டாண்டுகளின் பெரும்பகுதியை இந்தப் பாதையைச் செப்பனிடுவதில் செலவிட்டார். அவருடைய ஆய்வுப்பொருள் கோலாமி மொழியின் வினைமுற்றுகள். தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் மகாராஷ்டிரத்தின் யவத்மால் பகுதியிலும் வாழும் கோலாம் மக்களின் மொழி அது. நடுத் திராவிடக் கிளையைச் சேர்ந்தது. எமனோ 1955இல் வெளியிட்ட இலக்கண நூல் இம்மொழியைத் திராவிட ஒப்பியல் மாணவர் அனைவருக்கும் அறிமுகப்படுத்தியது. இம்மக்களில் பலர் தெலுங்கு, மராத்தி, கோண்டி ஆகியவற்றையும் பேசுவர். வீட்டுக்குள் எந்த மொழி நிலைக்கும் என்பதே இன்று அவ்வூர்களில் எழுந்துள்ள கேள்வி.

அவருக்குக் கிடைத்த மூலப்பொருள் இரண்டு இரும்புப் பெட்டிகள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் 1980களில் கோலாம் ஊர்களில் தங்கிப் பதிவு செய்த 112 ஒலிநாடாக்கள் அவற்றில் இருந்தன. பேராசிரியர் அவற்றை அவரிடம் ஒப்படைத்தபோது, எழுத வேண்டியதை எழுதிவிட்டதாகவும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்றும் மட்டும் சொன்னார். பதிவு செய்யப்பட்ட மக்களிடம் அவற்றை ஒருமுறையேனும் திருப்பிப் போட்டுக்காட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அக்காலத்திலேயே இருந்தது. ஒலிப்பதிவுக் கருவிக்குப் போட மின்கலம் வாங்கவும் நல்கை போதாத காலம் அது.

ஒலிநாடாவை எண்ணிமத்துக்கு மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர நாடாவை ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு நாடாவுக்கும் முன்னர் இயக்கியின் காந்தத் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். அந்தத் தலையின் சாய்வும் நாடாவில் பதிந்துள்ள தடத்தின் சாய்வும் பொருந்தாவிட்டால் உயர் அதிர்வெண்கள் மங்கிப்போகும். அதாவது சகரத்தையும் டகரத்தையும் பிரித்தறிய உதவும் நுண்குறிப்புகளே முதலில் மறையும். ஆகவே சிறு திருகாணியை மிக மெல்லத் திருப்பி, காதால் கேட்டும் அலைநிரலைப் பார்த்தும் சரிசெய்ய வேண்டும். ஒலி ஆவணக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்த அளவாக வகுத்துள்ள 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தரத்தில், இரு தடங்களாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் தேவை. 112 நாடாக்களும் சேர்ந்து ஏறத்தாழ 116 ஜிகாபைட். நாற்பதாண்டுக் காலத் தூசியோடு இரண்டு பெட்டிகளை நிறைத்திருந்த பொருள், உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டின் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. அத்தட்டு ஒருமுறை கீழே விழுந்தால் எல்லாம் போய்விடும் என்பதும் உண்மை. எனவே மூன்று படிகள், மூன்று வெவ்வேறு இடங்களில். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவ்வெண்களை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடும் ஒழுங்கு.

நூலகம் என்பது கோப்புகளின் குவியல் அன்று. கோப்புக்குப் பெயரிடுவதிலேயே நூலகம் தொடங்குகிறது. தொடக்கத்தில் அவர் கதைகளின் பெயர்களைத் தெலுங்கு எழுத்திலேயே கோப்புப் பெயராக வைத்தார். துறையிலிருந்த ஆப்பிள் கணினியில் திறந்த சில கோப்புகள், லினக்ஸ் கணினிக்கு வந்தபின் தேடலில் அகப்படவில்லை. பெயர் திரையில் தெரிந்தது. தேடினால் இல்லை என்றது. தமிழ் எழுதுவோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். ‘கொடி’ என்னும் சொல்லின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே அடுக்கியும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. தெலுங்கின் ஐகாரக் குறிக்கும் இத்தகைய இரு வடிவங்கள் உண்டு. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்புமுறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். லினக்ஸோ கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். அதன்பின் கோப்புகளுக்கு எண்ணாலும் எளிய ஆங்கில எழுத்துகளாலும் ஆன அடையாளம் மட்டுமே வைக்கப்பட்டது. மனிதர் படிக்கும் பெயர் மீதரவுக்குள் சென்றது.

மீதரவை நிரப்பும்போதுதான் இரும்புப் பெட்டியின் மெய்யான குறை தெரிந்தது. பேராசிரியரின் அட்டைக் குறிப்புகள் இலக்கண ஆய்வுக்குப் போதுமானவை: ஊர், நாள், ஆண் அல்லது பெண், ஏறத்தாழ வயது. பெயர்கள் பலவற்றுக்கு இருந்தன. 19 நாடாக்களுக்கு எதுவுமே இல்லை. ஒட்டியிருந்த தாள் உதிர்ந்துவிட்டது. அந்த 19இல் ஒலிக்கும் குரல்கள் யாருடையவை என்பதைச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். அவர்களுள் மூத்தவர் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர். கண்பார்வை குறைந்துவிட்டது, காது மட்டும் கூர்மை குறையாமல் இருந்தது.

இளைஞர்கள் தங்களுக்கு வேண்டிய பாடல்களைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. முதியவர்களுக்குக் கைப்பேசி உதவவில்லை. கைப்பேசியில் கேட்பது தனியொருவரின் செயல். அவர்களோ சேர்ந்து கேட்க விரும்பினர். ஒருவர் குரலை இன்னொருவர் அடையாளம் காண்பதும், அதை மூன்றாமவர் மறுப்பதும், மறுப்பின் வழியே பழைய உறவுமுறைகள் நினைவுக்கு வருவதும் கூட்டத்தில்தான் நிகழும். ஆகவே சமுதாயக் கூடத்தில் ஒரு பழைய மேசைக்கணினியும், அதனோடு இணைத்த தொலைக்காட்சிப் பெட்டியும் வைப்பதென முடிவாயிற்று. ஊரில் பத்தாம் வகுப்பு முடித்த இளைஞர் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்.

விசைப்பலகையும் சுட்டியும் முதல் நாளே தோற்றன. விசைப்பலகைக்கு எழுத்தறிவு வேண்டும். சுட்டிக்கு அதைவிட அரிய ஒன்று வேண்டும்: மேசைமேல் கை நகர்வதையும் திரைமேல் அம்பு நகர்வதையும் ஒன்றென எண்ணும் பழக்கம். பிறந்தது முதல் கணினியோடு வாழ்பவர்க்கு அது பழக்கம் என்றே தோன்றாது. எழுபது வயதில் முதன்முறை தொடுபவர்க்கு அது தனியொரு மொழி. மேலும் இருபது பேர் அமரும் கூடத்தில் மேசையருகே ஒருவர் மட்டும் அமர்ந்து இயக்கினால், எதைக் கேட்பது என்னும் முடிவு அவர் கையிலேயே நின்றுவிடும். கையிலிருந்து கைக்கு மாறக்கூடிய, எழுத்தில்லாத, மடியில் வைத்து அழுத்தக்கூடிய ஒரு கருவி தேவைப்பட்டது. கணினி விளையாட்டுக்கான கன்ட்ரோலர் அத்தகையது.

இது ஒட்டுவேலை போலத் தோன்றலாம். உண்மையில் பழைய உறவு. இத்தகைய ஊடக நூலகங்களுக்கு இன்று பெரிதும் பயன்படும் ‘கோடி’ என்னும் கட்டற்ற மென்பொருள், எக்ஸ்பாக்ஸ் என்ற விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் 2002இல் எழுதத் தொடங்கிய படக்கருவியிலிருந்து வளர்ந்தது. நெடுங்காலம் அதன் பெயரே எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர். 2014இல்தான் ‘கோடி’ எனப் பெயர் மாறியது. நான்கு திசை, ஒரு ‘சரி’, ஒரு ‘திரும்பு’ ஆகிய ஆறு செயல்களைக் கொண்டு நூலகம் முழுவதையும் உலவும்படி அது தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது. எழுத்தைப் படிக்காமல் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வகையில், ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அதைச் சொன்னவரின் நிழற்படத்தோடு இணைத்துக் காணொளிக் கோப்பாக ஆக்கினார் ஆய்வாளர். காலமானவர்களின் படத்தை வைப்பதற்குக் குடும்பத்தாரிடம் தனித்தனியே ஒப்புதல் பெறப்பட்டது. இருவர் மறுத்தனர், அவர்களுடைய பதிவுகளுக்கு ஊர் மரத்தின் படம் வைக்கப்பட்டது.

நூலக மென்பொருளுக்கும் தனக்கென ஒரு முன்முடிவு இருந்தது. கோப்பின் பெயரைப் பார்த்து இணையத்தில் தேடி, அட்டைப்படமும் கதைச்சுருக்கமும் தானே கொண்டுவரும் வசதி அதில் உண்டு. துறையின் இணைய இணைப்பில் சோதித்தபோது, புலியைப் பற்றிய கோலாமிக் கதை ஒன்றின்மேல் ஏதோவொரு திரைப்படத்தின் சுவரொட்டி வந்து அமர்ந்தது. ‘புலி’ என்றால் அது திரைப்படமாகத்தான் இருக்க வேண்டும் என்பது இயந்திரத்தின் கணக்கு. உலகில் பெயருடைய பொருள்கள் யாவும் ஏற்கெனவே ஒரு பட்டியலில் உள்ளன என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் அது. பட்டியலில் இல்லாதவற்றுக்காகவே ஒரு நூலகம் கட்டும்போது, முதல் வேலை அந்த நம்பிக்கையை அணைத்து வைப்பது. அமைப்பில் ‘உள்ளூர்த் தகவல் மட்டும்’ என்பதைத் தேர்ந்து, ஒவ்வொரு பதிவுக்கும் அருகே சிறு தகவல் கோப்பு ஒன்றைக் கையால் எழுதி வைத்தார்.

பருத்தி எடுப்புக் காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் கணினி ஊரில் அமைக்கப்பட்டது. மூன்று நாள் எல்லாம் நன்றாக நடந்தன. ஆய்வாளர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து ஹைதராபாத் திரும்பிய மறுநாள், கன்ட்ரோலர் இயங்கவில்லை என்று தொலைபேசி வந்தது.

பழுது பார்ப்பதை மொழியியல் மாணவர்கள் எளிதில் கற்றுக்கொள்வார்கள். இரண்டும் அடுக்குகளைப் பற்றியவை. ஒலியனை முடிவு செய்யாமல் உருபனுக்குச் செல்லக்கூடாது என்று முதலாண்டில் சொல்லித் தருவர். கன்ட்ரோலருக்கும் அவ்வாறே. மின்சாரம் செல்கிறதா? கணினி அக்கருவியைக் காண்கிறதா? பொத்தானை அழுத்தினால் நிகழ்வு பதிவாகிறதா? அந்நிகழ்வுக்கு உரிய பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறதா? கடைசியாக, திறந்திருக்கும் மென்பொருள் அப்பொருளை ஏற்கிறதா? ஐந்து கேள்விகள், கீழிருந்து மேலாக, ஒன்றைத் தாண்டாமல் கேட்க வேண்டும். மேலிருந்து தொடங்குவோர் அமைப்புப் பக்கங்களைப் பலமுறை மாற்றிவிட்டு, கடைசியில் கம்பி சரியில்லை என்று கண்டுபிடிப்பர்.

கம்பிதான் முதற்பழுது. கருவியின் விளக்கு எரிந்தது. கணினியோ எதுவும் இணைக்கப்பட்டதாகக் காட்டவில்லை. மின்னேற்றத்துக்கு மட்டுமே உதவும் யூஎஸ்பி கம்பிகள் உண்டு. அவற்றில் மின்சாரத்துக்கான இழைகள் இருக்கும், தரவுக்கான இழைகள் இரா. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. யாரோ கைப்பேசியை மின்னேற்ற நல்ல கம்பியை எடுத்துச்சென்று, வேறொன்றை வைத்திருந்தனர். இளைஞர் கம்பியை மாற்றியதும் கணினி கருவியை அறிந்துகொண்டது.

இரண்டாம் பழுது பொருள்கோடல் சார்ந்தது. விலை குறைந்த கன்ட்ரோலர்கள் பலவற்றில் நடுவே ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் அல்லது அணையும். அதற்கேற்பக் கருவி தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் செய்தியே மாறிவிடும். ஒரு நிலையில் திசைப்பலகை திசைப்பலகையாக இருக்கும். மற்றொரு நிலையில் அதன் வேலையைக் கட்டைவிரல் குச்சி எடுத்துக்கொள்ளும். குழந்தைகள் அதை அழுத்தியிருந்தனர். ‘சரி’ என்பதும் ‘திரும்பு’ என்பதும்கூட இடம் மாறின. இதில் விந்தை இல்லை. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ‘ஏ’ என்னும் பொத்தான் கீழே இருக்கும்; நின்டெண்டோவில் அதே எழுத்து வலப்பக்கம் இருக்கும். பிளேஸ்டேஷனில் எழுத்தே இல்லை, வடிவங்கள்தாம். அவற்றிலும் ஜப்பானில் நெடுங்காலம் வட்டம் ‘சரி’ என்றும் பெருக்கல் குறி ‘வேண்டாம்’ என்றும் வழங்கின. மேற்கில் பெருக்கல் குறியே ‘சரி’. 2020இல் ஐந்தாம் பிளேஸ்டேஷன் வந்தபோதுதான் ஜப்பானும் மற்ற நாடுகளின் வழக்குக்கு மாறியது. குறியும் பொருளும் இடுகுறியாகவே இணைகின்றன என்பதற்கு வகுப்பறையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

லினக்ஸ் கருவகம் இக்குழப்பத்திலிருந்து விலகி, நான்கு பொத்தான்களையும் தெற்கு, கிழக்கு, வடக்கு, மேற்கு என்று பெயரிட்டு அழைக்கிறது. எழுத்து எதுவானாலும் இடம் மாறாது என்பது அதன் எண்ணம். இடம் வலம் என்னாமல் திசையாலேயே பேசும் ஆஸ்திரேலியாவின் கூகு இமிதிர் மொழி இவ்விடத்தில் மொழியியலாளர்க்கு நினைவுக்கு வரும். ஒரு வேறுபாடு உண்டு: கன்ட்ரோலரைத் திருப்பினால் அதன் தெற்கும் உடன் திரும்பிவிடும். பெயர் திசையினது, அளவுகோல் பொருளினுடையது. ஊர்க்கூடத்தில் எழுத்தும் திசையும் இல்லாமல், ‘சரி’ பொத்தானின்மேல் பச்சைத் துணித்துண்டு ஒன்று ஒட்டப்பட்டது. கைமாறி வந்த கருவியைத் தடவிப் பார்த்த மூதாட்டி, தனியே நிற்கும் நான்கு பொத்தான்களையும் கோலாமியிலேயே எண்ணினார். அம்மொழியில் தெலுங்கின் கடன் இன்றித் தன் சொல்லாலேயே எண்ணக்கூடிய எண்கள் நான்குதான். ஐந்திலிருந்து தெலுங்குச் சொற்கள் வந்துவிடும். பொத்தான்கள் நான்கோடு நின்றது அன்று கூடத்தில் இருந்த ஆய்வாளரைத் தவிர வேறு எவர்க்கும் வியப்பாகப் படவில்லை.

மூன்றாம் பழுதே காலத்தைத் தின்றது. யாரும் தொடாதபோதும் திரையில் படங்கள் மேலே ஓடிக்கொண்டேயிருந்தன. மூதாட்டி ஒரு முகத்தில் நிற்குமுன் அடுத்த முகம் வந்துவிட்டது. இந்தப் பெட்டிக்கு அவசரம் அதிகம், கிழவிகளுக்குக் காத்திராது என்று அவர் சொன்னதாக இளைஞர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு மாலைகள் முயன்ற பின் முதியவர்கள் கூடத்துக்கு வருவது நின்றுபோயிற்று. அவ்வூரின் இணைய இணைப்போ தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய இடந்தரவில்லை. ஆய்வாளர்க்கு அப்போது கருத்தரங்கக் கட்டுரை, ஆண்டறிக்கை, வகுப்பு என வேலைகள் குவிந்திருந்தன. மீண்டும் ஊருக்குச் செல்ல ஏழு வாரமாயிற்று.

பழுதின் காரணம் எளியது. கட்டைவிரல் குச்சியின் அடியில் சுழல்மின்தடைகள் இரண்டு உள்ளன. கரித்தடத்தின்மேல் உலோக முனை தேய்ந்து தேய்ந்து நகர்வதே குச்சியின் நிலையைச் சொல்கிறது. தடம் தேய்ந்தாலும் தூசி படிந்தாலும் சும்மா நிற்கும் குச்சி நகர்வதாகக் கணினிக்குத் தோன்றும். குச்சியின் நிலை இருபுறமும் ஏறத்தாழ 32,768 படிகள் வரை செல்லும் எண். நடுநிலையில் அது சுழியமாக இருக்க வேண்டும். ஊரிலிருந்த கருவியில் அது 9,000ஐச் சுற்றி அலைந்தது.

நடுவை ஒட்டிய சிறு அசைவுகளை அசைவாகக் கொள்ளாதிருக்க ஒவ்வொரு மென்பொருளும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளும். அதற்கு டெட் ஜோன் என்று பெயர். மைக்ரோசாப்ட் தன் நிரலாளர்களுக்கு இடக்குச்சிக்கெனத் தந்துள்ள எண் 7,849. முழு வீச்சில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தொடர்ச்சியாக மாறும் அளவு ஒன்றின்மேல் கோடு கிழித்து, இதற்கு இப்பால் ‘இல்லை’, அப்பால் ‘உண்டு’ என்று சொல்வது ஒலியியலுக்குப் பழகிய செயல். லிஸ்கரும் ஆப்ரம்சனும் 1964இல் தமிழ், இந்தி, மராத்தி உள்ளிட்ட 11 மொழிகளின் வெடிப்பொலிகளில் குரல் தொடங்கும் நேரத்தை அளந்து காட்டியது அதையே: அளவு தொடர்ச்சியானது, மொழிகள் அதில் தத்தம் கோடுகளைக் கிழித்துக்கொள்கின்றன. கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு குரல் கேட்கப்படுவதும் கேட்கப்படாததும் அமைகின்றன.

எல்லையை உயர்த்திப் பார்த்தார் ஆய்வாளர். 12,000இல் ஓட்டம் நின்றது. ஆனால் மூட்டுவலி உள்ள விரல்கள் குச்சியை அவ்வளவு தூரம் தள்ளவில்லை. தள்ளிய விசை கருவியின் கணக்கில் ‘இல்லை’ ஆகிவிட்டது. இளைஞர்க்குச் சரியாக இயங்கிய கருவி முதியவர்க்கு இயங்கவில்லை. தேய்ந்த கருவியின் பிழையை மறைக்க வைத்த எல்லை, தளர்ந்த கையின் விருப்பத்தையும் சேர்த்து மறைத்தது. கடைசியில் அவர் குச்சிகள் இரண்டையும் அமைப்பிலிருந்தே நீக்கிவிட்டு, அழுத்தினால் ‘உண்டு’ அழுத்தாவிட்டால் ‘இல்லை’ என்று மட்டும் அறிந்த திசைப்பலகையை விட்டுவைத்தார். செய்து முடிக்க அரைமணி நேரமும் ஆகவில்லை. இத்தனை எளிய அமைப்பை முதல் நாளிலேயே செய்திருக்கலாம் என்று சொல்வது எளிது. யார் கையில் கருவி இருக்கப்போகிறது என்பதை அந்தக் கை தொட்ட பிறகே எவரும் அறிய முடியும்.

அந்த ஏழு வாரத்தில் மூதாட்டிக்கு இருமுறை காய்ச்சல் கண்டது. கூடம் மீண்டும் திறந்தபோது அவரைக் கட்டிலோடு தூக்கி வந்து அமர்த்தினர். ஒரு மாலைக்கு இரண்டு நாடாவுக்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை. பெயரற்ற 19இல் 13 குரல்களை அவர் சொன்னார். சிலவற்றைத் தொடக்கத்து இருமலிலேயே அறிந்தார். ஒரு குரலைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடி போடச் சொன்னார்; அது தமக்கையின் குரல். வேறொரு நாடாவை நான்கு வரிக்குப்பின் நிறுத்தச் சொன்னார். அது இறந்தவர்க்காகப் பாடுவது, சும்மா இருக்கும் நாளில் பாடக்கூடாதது. கூடியிருந்தோர் அதை ஒப்புக்கொண்டனர். மீதரவில் ‘அணுகல்’ என்றொரு கட்டம் உண்டு. அதுவரை எல்லாப் பதிவுகளுக்கும் ‘திறந்தது’ என்றே நிரப்பப்பட்டிருந்தது. அன்றிரவு முதன்முதலாக அதில் வேறொரு சொல் எழுதப்பட்டது. அப்பாடல் இன்று திரையில் தோன்றாது. ஊரார் கேட்டால் மட்டும் எடுத்துத் தரப்படும்.

மழைக்காலம் வருமுன் மூதாட்டி காலமானார். எஞ்சிய ஆறு நாடாக்களின் குரல்களை அறிந்தவர் இனி எவரும் இல்லை. மீதரவில் அவற்றுக்கு நேரே ‘பெயர் தெரியவில்லை’ என்றே நிற்கும். ஏழு வாரம் வீணாகியிராவிட்டால் அந்த ஆறும் கிடைத்திருக்குமா என்பதற்கு விடை கிடையாது. காய்ச்சலும் முதுமையும் கரித்தடத்தின் தேய்மானத்தைக் கேட்டு வருவதில்லை. எனினும் ஒரு மொழியின் நினைவுக்கும் அதை நினைவுகூர வல்லவர்க்கும் இடையே சில நூறு ரூபாய்ப் பொருளொன்று குறுக்கே நின்றது என்பதை மறைக்கவும் முடியாது.

இவை ஆய்வாகுமா என்ற கேள்வி துறைகளில் எழும். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவித்தொகை ஐந்தாண்டுக்கு உரியது. ஆண்டறிக்கையின் படிவத்தில் கட்டுரைக்கு இடம் உண்டு, கருத்தரங்குக்கு இடம் உண்டு. கம்பி மாற்றியதற்கும் கோப்புக்குப் பெயரிட்டதற்கும் இடம் இல்லை. வழிகாட்டிகள் மாணவர்களின் காலத்தை எண்ணிக் கவலைப்படுவதில் தவறும் இல்லை. ஆனால் கூடத்தில் நிகழ்ந்தவற்றை இலக்கணத்திலிருந்து பிரிக்க இயலாது. கேட்டவர்கள் பேராசிரியரின் எழுத்துப்பெயர்ப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களைத் திருத்தினர். நாடாவின் மங்கிய ஒலியில் ஒரே வினைமுற்றாகக் கேட்டவை சில இடங்களில் இரண்டாயின. ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அத்திருத்தங்களால் மாறிற்று. பேசியவர் யார், யாருக்கு, எப்போது என்பன தெரியாத சான்றுவாக்கியம் பாதிச் சான்றே என்பதை அத்துறையினர் அனைவரும் ஏட்டளவில் ஏற்பர். நடைமுறையில் அதற்கான காலத்தைக் கணக்கில் சேர்ப்பவர் குறைவு.

கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்க்கு இதிலிருந்து கொள்ளத்தக்கவை சில. பதிவைத் திருப்பிக் கொடுக்கும் செலவையும் காலத்தையும் ஆய்வுத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கடைசி ஆண்டுக்கு ஒத்திவைத்தால் கேட்க ஆளிருக்காது. கருவியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் மட்டும் போதாது; கேட்கப்போகும் மூத்தவரின் கையில் கொடுத்துச் சோதிக்க வேண்டும். மாற்றுக் கம்பி ஒன்றையும் மாற்றுக் கன்ட்ரோலர் ஒன்றையும் ஊரிலேயே விட்டுவர வேண்டும். ஐந்து கேள்விகளையும் ஊரார் பேசும் மொழியில் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். அந்தக் கூடத்துச் சுவரில் அப்படியொரு தாள் இன்று இருக்கிறது. இளைஞர் அதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவர்க்கு அது மனப்பாடம். சென்ற மாதம் கணினியின் ஒலி நின்றபோது அவரே கீழிருந்து மேலாகக் கேட்டுக் காரணத்தைக் கண்டார். ஹைதராபாத்துக்குத் தொலைபேசி வந்தது பழுதைச் சொல்ல அல்ல. பக்கத்து ஊரார் தங்களுக்கும் ஒரு பெட்டி கேட்கிறார்கள் என்று சொல்ல.